மன்னிப்புக் கேளாத ஒரு சொல்

ஆங்கிலத்திலிருந்து நம் வீட்டுப் பேச்சுக்குள் நுழையும் சொற்கள் பல ரகம். பஸ், காப்பி, டிக்கெட்டு என்பவை போன்ற சில, வந்த அன்றே வேட்டி கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டன. அவற்றை இனி எந்தத் தமிழ்ப் பண்டிதராலும் எழுந்து போகச் சொல்ல இயலாது. வேறு சில, கல்லூரிப் பிள்ளைகளோடு விடுமுறைக்கு வந்து, விடுமுறை முடிந்ததும் அவர்கள் பெட்டியிலேயே ஏறித் திரும்பிப் போய்விடுகின்றன. இன்னும் சில சொற்களோ ஒரு மனப்பான்மையையே மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வருகின்றன. அத்தகைய சொல்லை வாசலில் நிறுத்தி, மூட்டையில் இருப்பது என்ன என்று அவிழ்த்துப் பார்ப்பது வீட்டுக்காரரின் கடமை அல்லவா?

'அன்அபாலஜெட்டிக்கலி' என்பது அப்படிப்பட்ட ஒரு சொல். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடிக்கு வரும் டவுன் பஸ்ஸைப் போல, நின்று நின்று வந்து சேரும் நீண்ட சொல். இருபது வருஷ காலமாக இவ்வூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் போதித்து வரும் எனக்கே அதை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பது சிரமம். என் மாணாக்கர்களோ அதைக் கைபேசியிலிருந்து கற்றுக்கொண்டு கடலை மிட்டாயைக் கடிப்பது போல் அநாயாசமாகச் சொல்லுகிறார்கள். 'மன்னிப்புக் கேளாமல், வருத்தமும் கொள்ளாமல்' என்பது அதன் பொருள். முன்பெல்லாம் ஆங்கிலம் தெரிந்தவர் என்பதற்கு அடையாளம், காலை மிதித்தாலும் கையைத் தட்டினாலும் 'சாரி' என்பதுதான். இப்போது, 'சாரி' சொல்ல மாட்டேன் என்பதற்கும் ஒரு ஆங்கிலச் சொல் அடையாளமாகியிருக்கிறது. இது முன்னேற்றமா, பின்னேற்றமா என்பதே நாம் விசாரிக்க வேண்டிய விஷயம்.

முதலில், மன்னிப்புக் கேட்பது என்ற காரியத்தை நம்மவர் எப்படிச் செய்து வந்தார்கள் என்று பார்ப்போம். கூட்டத்தில் ஒருவர்மேல் நம் கால் பட்டுவிட்டால், அவரைக் கையால் தொட்டு அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். புத்தகத்தின்மேல் கால் பட்டாலும் அப்படியே. அதற்கு வாய்ப்பேச்சு தேவைப்படுவதில்லை. பெரியவர்களுக்குக் கடிதம் எழுதும்போது 'பிழை பொறுத்தருள வேண்டும்' என்று முடிப்பது நம் பாட்டனார் காலத்து வழக்கம். இந்தப் 'பொறுத்தல்' என்ற சொல்லைச் சற்றே நின்று கவனிக்க வேண்டும். பொறுத்தல் என்றால் சுமத்தல், தாங்குதல். ஆகவே 'பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று ஒருவரிடம் சொல்லும்போது, 'என் செயலால் உங்கள் தோளில் ஒரு பாரத்தை ஏற்றிவிட்டேன். அதைத் தாங்கிக்கொள்ளுங்கள்' என்றே நாம் வேண்டிக்கொள்கிறோம். அப்படியானால் யார் தோளிலும் பாரம் ஏறாத இடத்தில் பொறுக்கச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பாரம் ஏறிய இடத்தில் சொல்லாமலிருக்க உரிமையும் இல்லை. இந்த ஒரு தராசு போதும், அந்த நீண்ட ஆங்கிலச் சொல்லை எடை போடுவதற்கு.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வருத்தம் வேறு, மன்னிப்புக் கேட்டல் வேறு. தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்த குடும்பங்களில் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற வாசகத்தை அறியாதார் இல்லை. நிலையம் வருந்தியது உண்மையோ என்னவோ. நம்மிடம் மன்னிப்பு மட்டும் அது கேட்கவில்லை. கேட்டிருந்தால், கதாநாயகி கிணற்றில் விழப்போகும் சமயத்தில் படத்தை நிறுத்திய குற்றத்தை நாம் லேசில் மன்னித்திருப்போமா என்பது சந்தேகமே! வருத்தம் என்பது மனத்துக்குள் நிகழ்வது. மன்னிப்புக் கேட்பது இன்னொருவர் முகத்துக்கு எதிரே நிகழ்வது. ஒன்று இருந்து மற்றொன்று இல்லாமற் போகலாம். அந்த ஆங்கிலச் சொல்லோ இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டி, இரண்டையும் ஒருசேர வெளியே தள்ளுகிறது.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சொல்லின் மூதாதைக்கு மன்னிப்போடு உறவே கிடையாது. 'அபாலஜி' என்பது கிரேக்க பாஷையில் 'அபொலொகியா' என்ற சொல்லிலிருந்து வந்தது. குற்றம் சாட்டப்பட்டவன் நியாயஸ்தலத்தில் தன் தரப்பை எடுத்துச் சொல்லும் பதிலுரைக்கே அந்தப் பெயர். கிறிஸ்து பிறப்பதற்கு 399 வருஷங்களுக்கு முன் ஏதென்ஸ் நகரத்தில் கிழவர் சாக்ரடீஸ் விசாரிக்கப்பட்டபோது நிகழ்த்திய உரைக்கு, அவர் சீடர் பிளேட்டோ இட்ட தலைப்பும் அதுதான். அந்த உரையில் சாக்ரடீஸ் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. மனைவி மக்களைக் கூட்டி வந்து நீதிபதிகள் முன் அழவிடும் வழக்கத்தையும் மறுத்துவிட்டார். உலகத்தின் புகழ்பெற்ற 'அபாலஜி', அபாலஜியே இல்லாத ஒன்று! நாளடைவில் பதிலுரை என்ற பொருள் தேய்ந்து, மன்னிப்பு என்ற பொருள் மிஞ்சிவிட்டது.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். நரிக்குடி வானம் பார்த்த பூமி. ஐப்பசி கார்த்திகையில் வானம் கொடுத்தால் கண்மாய் நிறையும். கண்மாய் நிறைந்தால் நெல். இல்லையென்றால் மிளகாய், பருத்தி, அதுவும் இல்லையென்றால் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம். இந்தச் சீமைக்கு உத்தியோகஸ்தர் உலகில் ஒரு செல்லப் பெயர் உண்டு: தண்ணியில்லாக் காடு. 'உன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுகிறேன் பார்' என்ற மிரட்டலைக் கேட்டு எத்தனையோ குமாஸ்தாக்கள் நடுங்கியிருக்கிறார்கள். அந்தக் காட்டில் பிறந்து வளர்ந்து குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் காதிலும் அது விழும் என்பதை மிரட்டியவர்கள் நினைத்துப் பார்த்ததில்லை.

பிறர் ஓயாமல் சொல்வதை மனிதன் கடைசியில் தானும் நம்பிவிடுகிறான். எங்கள் ஜனங்கள் காரணமில்லாமல் மன்னிப்புக் கேட்கப் பழகிவிட்டார்கள். விருந்தாளிக்குச் செம்பு நிறையத் தண்ணீர் கொடுக்கும்போதே, 'எங்க ஊருத் தண்ணி சவர் அடிக்கும், தப்பா நினைச்சுக்காதீங்க' என்பார்கள். தண்ணீரை உப்பாக்கியது அவர்களா? ஆஸ்பத்திரியில் டாக்டர் முன்னும், தாலுகா ஆபீஸில் குமாஸ்தா முன்னும், 'மன்னிச்சுக்கங்க சார்' என்ற பிறகுதான் வந்த காரியத்தையே சொல்லத் தொடங்குவார்கள். பள்ளிக்கூடத்திலும் இப்படியே. வகுப்பில் ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்ல எழுந்து நிற்கும் பிள்ளை, முதலில் 'சாரி சார்' என்கிறது, பிறகு சொல்லுகிறது. பிழை வருவதற்கு முன்பே பிழை பொறுக்கும்படி வேண்டுதல்!

சில வருஷங்களுக்கு முன் என்னிடம் படித்த ஒரு பெண், பெரிய நகரத்துக் கல்லூரி ஒன்றில் சேர நேர்காணலுக்குப் போயிருந்தாள். தன் வீட்டைப் பற்றிச் சொல்லுகையில், 'அவிங்க கரிமூட்டம் போட வந்தாய்ங்க' என்று எங்கள் பக்கத்துப் பேச்சு வாய் தவறி வந்துவிட்டது. எதிரே இருந்தவர்களில் ஒருவர் சிரித்தாராம். அவள் அழவில்லை. 'எங்க ஊர்ல இப்படித்தான் சார் பேசுவோம். நீங்க கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிட்டேன்ல?' என்று கேட்டாளாம். அந்தக் கல்லூரியிலேயே இடமும் கிடைத்தது. மறு வருஷம், பள்ளி ஆண்டு மலருக்கு அவள் எழுதி அனுப்பிய கட்டுரையில், தான் 'அன்அபாலஜெட்டிக்கலி' நரிக்குடிக்காரி என்று ஒரு வாக்கியம் இருந்தது. 'வினையெச்சம் அங்கே வரலாமா சார்? இலக்கணம் சரிதானா?' என்று ஓரத்தில் எனக்கு ஒரு குறிப்பும் வைத்திருந்தாள். ஆங்கில இலக்கணமும் சரி, நம் தராசும் சரி என்று பதில் எழுதினேன். அவள் பேச்சு யார் தோளில் என்ன பாரத்தை ஏற்றிவிட்டது, அவர்கள் பொறுத்துக்கொள்ள? பிறந்த ஊருக்கும், பேசும் பேச்சுக்கும், தோல் நிறத்துக்கும், தகப்பனார் செய்யும் தொழிலுக்கும் மன்னிப்புக் கேட்பது, வாங்காத கடனுக்கு வட்டி கட்டுவது போன்றது. அப்படி வட்டி கட்டியே வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தச் சொல் மருந்து. தடையின்றிக் கொடுக்கலாம்.

இந்த மண்ணுக்கு மன்னிப்புக் கேட்கும் பழக்கம் ஆதியிலிருந்தே உள்ளது என்று யாரும் எண்ண வேண்டாம். நரிக்குடிக்கு அருகிலுள்ள முக்குளம்தான் மருது சகோதரர்கள் பிறந்த ஊர். 1801ஆம் வருஷம் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, பாஞ்சாலங்குறிச்சி மறுபடியும் வீழ்ந்த பின் அவர்களிடம் அடைக்கலம் புகுந்தார். அவரைப் பிடித்துக் கொடுக்கும்படி கும்பினியார் கேட்டனர். பிடித்துக் கொடுத்திருந்தால் சிவகங்கைச் சீமை தப்பியிருக்கலாம். அவர்கள் கொடுக்கவில்லை. அதே வருஷம் ஜூன் மாதம், கும்பினியாரை எதிர்த்து நிற்கும்படி எல்லா ஜனங்களையும் அழைத்துத் திருச்சிராப்பள்ளியில் பகிரங்கமாக அறிக்கை ஒட்டினார்கள். அக்டோபர் 24ஆந் தேதி திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அடைக்கலம் வந்தவனைக் காத்ததற்காக யாரிடம் பொறுத்தருளக் கேட்பது?

இதுவரையில் சொல் நல்ல சொல்லாகவே இருக்கிறது. ஆனால் நாணயத்துக்கு மறுபக்கம் உண்டே! அந்தப் பெண்ணின் கட்டுரை வந்து சில மாதங்களுக்குள், அதே சொல்லை வேறொரு வாயிலிருந்து கேட்டேன். எங்கள் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் வேலை செய்யும் ஓர் அம்மாளுக்கு ஒரு கால் சற்று ஊனம். மேல் வகுப்புப் பையன் ஒருவன், அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு விந்தி விந்தி நடப்பதைப் போல் பின்னாலேயே நடந்து காட்ட, அவன் சிநேகிதன் கைபேசியில் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பிவிட்டான். விசாரித்தபோது அந்தப் பையன் தலையைக் குனியவில்லை. 'நான் இப்படித்தான் சார். நான் அன்அபாலஜெட்டிக்கலி நான்!' என்றான். வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. என் பாடம் அவ்வளவில் வெற்றிதான்!

அந்த அம்மாளோ, 'விடுங்க சார், பிள்ளைதானே' என்றார். அவன் கேட்காமலே பொறுத்துவிட்டார். ஏற்கெனவே குடத்தைச் சுமந்தவர், அதையும் சேர்த்துச் சுமந்தார். ஒருவன் 'நான் இப்படித்தான்' என்று நிமிர்ந்து நிற்கும்போது, அவன் நிமிர்வதற்காக இன்னொருவர் குனிய வேண்டியிருந்தால், அந்த நிமிர்வுக்கு மரியாதை இல்லை. அந்தப் பையனிடம் நான் 'சாரி' சொல்லும்படி வற்புறுத்தவில்லை. வற்புறுத்தி வாங்கும் 'சாரி' வாய்ப்பாடு ஒப்புவிப்பது போன்றது. 'உன் பேச்சினால் யார் தோளில் பாரம் ஏறியது என்று யோசித்துப் பார்த்து வந்து சொல்' என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். படத்தை அன்றே அழித்தார்கள். அவன் என்னிடம் வந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரத்தில் ஒருநாள் குழாயடியில் அந்த அம்மாள் கையிலிருந்த குடத்தை அவன் வாங்கிச் சமையல் கூடத்துக்குக் கொண்டு போய் வைத்ததைப் பார்த்தேன். பொறுத்தல் என்ற சொல்லுக்கு அவன் எழுதிய உரை அது.

சிறு பிள்ளையின் காரியம் இது. பெரிய மனிதர்களும் இந்தச் சொல்லுக்கு உதாரணமாக நின்றிருக்கிறார்கள். 1919ஆம் வருஷம் ஏப்ரல் 13ஆந் தேதி அமிர்தசரஸ் நகரத்து ஜாலியன்வாலா பாக்கில், தப்பி ஓட வழியில்லாத ஜனக் கூட்டத்தின்மேல் ஜெனரல் டயர் 1650 ரவைகளைச் சுடச் செய்தார். சர்க்கார் கணக்கின்படியே மாண்டவர் 379 பேர். அதே வருஷம் ஹண்டர் கமிட்டியின் முன் சாட்சி சொன்ன டயர், தாம் செய்ததைப் பற்றி எவ்விதக் கூச்சமும் காட்டவில்லை. சந்து இடம் கொடுத்திருந்தால் யந்திரத் துப்பாக்கி ஏற்றிய மோட்டார் வண்டிகளையும் உள்ளே கொண்டு போயிருப்பேன் என்றார். ஆங்கில இலக்கணப்படி இதுவும் 'அன்அபாலஜெட்டிக்கலி'தான்! நூறு வருஷம் கழித்து, 2019ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், பிரிட்டிஷ் பிரதம மந்திரியாயிருந்த தெரஸா மே பார்லிமெண்டில் அந்தச் சம்பவத்துக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. தடங்கலுக்கு வருந்துகிறோம்!

அதே சொல்லுக்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. ஆமதாபாத் ஜில்லா ஜட்ஜு எழுதிய ஒரு கடிதத்தைத் தம் 'யங் இந்தியா' பத்திரிகையில் பிரசுரித்ததற்காகக் காந்தியடிகள்மீது பம்பாய் ஹைகோர்ட்டில் அவமதிப்பு வழக்கு வந்தது. மன்னிப்பை ஒரு குறிப்பிட்ட வாசகத்தில் வெளியிட்டால் போதும் என்றார்கள். மனச்சாட்சி ஒப்பாததால் அவர் வெளியிடவில்லை. எந்தத் தண்டனைக்கும் தயார் என்று மட்டும் தெரிவித்தார். 1920ஆம் வருஷம் மார்ச் மாதம் ஹைகோர்ட்டு கண்டித்து எச்சரித்து விட்டது. இரண்டு வருஷம் கழித்து சௌரி சௌராவில் ஜனங்கள் போலீஸ்காரர்களை எரித்துக் கொன்றபோது, அவர் இயக்கத்தையே நிறுத்தி ஐந்து நாள் உபவாசமிருந்தார். அடுத்த மாதம், 1922 மார்ச் 18ஆந் தேதி, ஆமதாபாத்தில் ராஜத்துவேஷ வழக்கில் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டார். கடும் தண்டனை எதுவோ அதையே விதிக்கும்படி கேட்டுக்கொண்டார். ஆறு வருஷச் சிறை கிடைத்தது. சர்க்காரிடம் மன்னிப்பு இல்லை; மாண்டவர்களுக்காக வருத்தம் உண்டு. அவர் இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டவில்லை.

இன்னும் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. அதைக் கொடுத்தவர் பகைவரே. 1799ஆம் வருஷம் அக்டோபர் 16ஆந் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிடச் செய்த மேஜர் பானர்மன், மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில், கட்டபொம்மன் விசாரணை முழுவதும் அஞ்சாமலும் அலட்சியமாகவும் நின்றதைக் குறிப்பிடுகிறார். தூக்குமரத்துக்குப் போகும் வழியில் ஊமைத் தம்பியைப் பற்றிக் கவலைப்பட்டதாகவும், கோட்டையை விட்டு வெளியேறியதற்காக வருந்தியதாகவும் அதே கடிதம் சொல்லுகிறது. வருத்தம் இருந்தது, அது கயத்தாற்றுக் கூட்டத்தின் முன் மண்டியிடவில்லை. வருத்தமே இல்லாத மனிதன் வீரன் என்று எண்ணும் இளைஞர்கள் இந்தக் கடிதத்தை நினைவில் வைப்பது நலம்.

டயரும் மன்னிப்புக் கேட்கவில்லை, காந்தியடிகளும் கேட்கவில்லை. அப்படியானால் அந்தச் சொல்லைக் கொண்டு மட்டும் ஒருவர் உயர்ந்தவரா, தாழ்ந்தவரா என்று அறிய முடியாது என்பது தெளிவு. பாரம் எங்கே போய் இறங்கியது என்று பார்த்தால்தான் தெரியும். டயர் அதைப் பிறர் மேல் இறக்கினார். காந்தியடிகள் தம் தோளிலேயே ஏற்றிக்கொண்டார்.

திருவள்ளுவர் வினைத்தூய்மை அதிகாரத்தில், 'என்ன காரியம் செய்துவிட்டோம்!' என்று பின்னால் இரங்கும்படியானவற்றைச் செய்யாதே என்கிறார். தப்பித் தவறிச் செய்துவிட்டால் என்ன செய்வது? அங்கேதான் உரையாசிரியர்கள் பிரிகிறார்கள். பிறகு உட்கார்ந்து இரங்கிக்கொண்டிராமை நன்று என்று பரிமேலழகர் பொருள் கொள்ளுகிறார். மறுபடியும் அத்தகையதைச் செய்யாமை நன்று என்று வேறு உரைகாரர் கொள்ளுகிறார்கள். எனக்கு இரண்டும் வேண்டியவையாகவே தோன்றுகின்றன. புலம்பிக் காலம் கழிப்பதும் தவறு. திரும்பச் செய்வதும் தவறு.

கடைசியில், இந்தச் சொல்லுக்குத் தமிழ் என்ன என்று மாணாக்கர்கள் கேட்கிறார்கள். 'வெட்கமில்லாமல்' என்றால் வசவாகிவிடும். 'மன்னிப்புக் கோராமல்' என்றால் கோர்ட்டு வாசனை அடிக்கும். நான் இரண்டு சொற்களை வைத்திருக்கிறேன். யாருக்கும் பாரமாகாமல், தான் தானாக நிற்பவரைப் பற்றி எழுதும்போது 'கூசாமல்' என்று போடச் சொல்லுகிறேன். பிறர்மேல் பாரத்தை ஏற்றிவிட்டுத் திரும்பியும் பாராமல் போகிறவரைப் பற்றி எழுதும்போது 'ஈரமில்லாமல்' என்று போடச் சொல்லுகிறேன். ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு திண்டாடட்டும். தண்ணீர் இல்லாத காட்டில் இருக்கும் நமக்கு, ஈரம் எது, வறட்சி எது என்று பிறர் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.